சுல்தானின் உரல்

மீலாத் பேச்சுப் போட்டியொன்றில் நடுவராக இருந்தேன். ஒரு மாணவன் முழங்கினான்: "மோட்டார் பீரங்கியைக் கண்டுபிடித்தவர் சுல்தான் முஹம்மத் அல்பாத்திஹ்!" மண்டபமே தக்பீர் சொன்னது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் புள்ளி போடும்போது பேனை கொஞ்சம் தயங்கியது.

1453 இல் கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகை. பொற்கொம்புத் துறையில் எதிரியின் கப்பல்கள் நின்றன. அவற்றுக்கும் உஸ்மானியப் பீரங்கிகளுக்கும் நடுவே கலாத்தா நகர் இருந்தது. அது ஜெனோவாக்காரரின் குடியிருப்பு. தாங்கள் யார் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களின் மதில் மறைத்ததால் நேரே சுட வழியில்லை. 21 வயதுச் சுல்தான், குண்டை உயர எறிந்து கப்பலின் மேல் விழவைக்கும் வேறொரு அமைப்பிலான பீரங்கியை வார்க்கச் சொன்னார். முதற் குண்டு சற்றே தவறியது. அடுத்தது ஒரு கப்பலை மூழ்கடித்தது. இதை எழுதியவர் கிரேக்கரான கிரிட்டோவூலொஸ். நூலைச் சுல்தானுக்கே சமர்ப்பித்தவர் என்பதையும் மனதில் வைத்தே வாசிக்க வேண்டும்.

பழைய மோட்டார்களைத் தேடிச் சேர்த்து ஒப்பிடுபவர்கள் கதையைக் கேட்பதில்லை, அளவுகோலை எடுக்கிறார்கள். வாயின் அகலத்துக்குக் குழாய் எத்தனை மடங்கு நீளம்? வெடிமருந்து அறை எவ்வளவு ஒடுக்கம்? குண்டு வெறுங் கல்லா, உள்ளே மருந்து அடைத்து வெடிக்கும் இரும்பா? வியன்னா இராணுவ அரும்பொருளகத்தில் ஸ்டெயர் பீரங்கி இருக்கிறது. இரும்புப் பட்டைகளைச் சேர்த்து அடித்த கட்டைக் குழாய், வாய் சுமார் 80 சென்ரிமீற்றர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, அதாவது சுல்தானின் பீரங்கிக்கு மூத்தது. பாரிஸிலுள்ள றோட்ஸ் மோட்டார் இளையது; 260 கிலோ கருங்கற் குண்டு எறியும் அந்த வெண்கலம் உஸ்மானியரைத் தடுக்கத்தான் வார்க்கப்பட்டது!

நம்மவர்கள் சிலர் இங்கிலாந்தின் நெல்சன் கோட்டையிலுள்ள பெரிய உஸ்மானியப் பீரங்கியின் படத்தைப் போட்டு, "இதுதான் அது" என்கிறார்கள். இல்லை. அது 1464 இல் முனீர் அலி வார்த்தது. நீண்ட குழாய், மோட்டாரே அல்ல.

ஆகவே கட்டைப் பீரங்கி முன்பே இருந்தது. ஒரு நகரின் தலைக்கு மேலால், மதிலுக்கு அப்பால் நிற்கும் கப்பலை அடிக்கலாம் என்ற யோசனைதான் சுல்தானுடையது. என்னைக் கேட்டால் அது சின்ன விஷயமில்லை.

பெயரிலும் ஒரு சேதி. ஆங்கிலத்தின் மோட்டார், அரபியின் ஹாவுன், துருக்கியின் ஹவான் எல்லாம் அடுப்படி உரலின் பெயர்கள். உம்மம்மா மிளகு இடித்த கல்லுரலை வானத்தைப் பார்க்கச் சற்றுச் சாய்த்தால் அந்த வடிவம் வந்துவிடும். நாம் மட்டும் அதை மோட்டார் சைக்கிளோடு கலந்துவிட்டோம். யுத்த காலத்தில் நமக்கு "செல்" என்ற ஒரு சொல்லே போதுமாகவும் இருந்தது.

அந்த மாணவனுக்கு முதலிடம்தான் கொடுத்தேன். மேடையால் இறங்கியதும் கூப்பிட்டு, "கண்டுபிடித்தவர் என்றதை மட்டும் மாத்து மகன்" என்றேன்.

"அப்ப என்னண்டு சொல்ற சேர்?"

"மதிலுக்கு மேலால அடிக்க யோசிச்சவர் எண்டு சொல்லு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அப்படிச் சொன்னால் தக்பீர் வராதாம்.