கொட்டியாரத்தில் பிடிபட்டவனும் எமீல் படித்த புத்தகமும்

ரூசோ வளர்த்த பையனுக்குப் பன்னிரண்டு வயதுவரை புத்தகமே கிடையாது. ஓடலாம், விழலாம், மழையில் நனையலாம், வாசிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நெடுநாள் அவன் கையில் ஒரே ஒரு நூல்தான்: 'ரொபின்சன் குரூசோ'. பையன் பெயர் எமீல், முழுக்கக் கற்பனைப் பிள்ளை. 1762இல் வந்த ரூசோவின் 'எமீல்' என்ற நூல் அவனைப் பிறப்பிலிருந்து கலியாணம்வரை ஐந்து பாகங்களில் வளர்த்துக் காட்டுகிறது. குழந்தை குட்டையான பெரியவர் அல்ல, ஒவ்வொரு வயதுக்கும் அதற்கேயான மனம் உண்டு, அந்தப் படியில் வேண்டிய அளவு நின்றுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். இன்று ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்கள் பிள்ளை விருத்திப் பாடத்தில் மனனம் செய்யும் படிநிலைக் கோட்பாடுகளுக்கெல்லாம் பாட்டன் இந்தப் புத்தகம்தான். (ரூசோ தன் சொந்தப் பிள்ளைகள் ஐவரையும் அநாதை விடுதியில் சேர்த்தவர். பிள்ளை வளர்ப்பு நூல்களின் வரலாற்றில் இதைச் சொல்லாமல் விட முடியாது.)

அந்தக் குரூசோவுக்கு ஒரு வேர் நம் திருகோணமலைக் கரையில் இருக்கிறது.

துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கடலில் விழும் இடம் கொட்டியாரக் குடா. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதுமரம் போட இங்கே ஒதுங்கியது. கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ். அதே பெயருடைய மகனும் கூட வந்திருந்தான். 1660 ஏப்ரலில், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரையில் வைத்துத் தகப்பனைப் பிடித்தார்கள். மூதூரில் அந்த இடத்துப் புளியமரத்தடியில், இது வெள்ளைக்காரன் மரம் என்று பொறித்து 1893இல் ஒரு கல் நட்டார்கள்.

எனக்கு மரத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து நடந்தது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். தகப்பன் இரகசியமாகச் சொல்லிவிட்டது வேறு: கப்பல் உள்ளே வரக்கூடாது. மகன் போய் அப்படியே எச்சரித்தான். அங்கேயே நின்றிருக்கலாம், கடல் திறந்து கிடந்தது. திரும்பி வருவதாகத் தகப்பனிடம் சொல்லியிருந்தான், திரும்பி வந்தான். வயது பத்தொன்பது. அடுத்த பத்தொன்பது வருடமும் கண்டி நாட்டிலேயே கழிந்தது.

ஒரு வருடம் ஆகுமுன் தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகனும் காய்ச்சலோடுதான் கிடந்தான்; குழி வெட்டிப் புதைத்ததும் அவனே. பிறகு ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கிழவன் வந்து, உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கூட இருந்த பொடியனைக் கேட்டான். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் கிடைத்த புத்தகமாம். பிரித்துப் பார்த்தால் ஆங்கில விவிலியம். கையில் இருந்த ஒரே வராகனையும் கொடுத்துவிட நொக்ஸ் தயார். கடைசியில் அவன் பின்னிய ஒரு குல்லாவுக்கே பேரம் முடிந்தது. குல்லா பின்னி விற்றான், நெல்லைக் கடன் கொடுத்து வட்டியாக நெல் வாங்கினான், ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய் வியாபாரம் செய்தான். 1679இல் அநுராதபுரம் வழியாகக் காடு தாண்டி, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையில் போய் ஏறினான். 1681இல் இலண்டனில் அவனுடைய இலங்கை நூல் வெளிவந்தது.

குரூசோவின் மூலம் என்று எல்லாரும் சொல்வது அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற மாலுமியைத்தான். ஆளில்லாத தீவில் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தவர். ஆனால் குரூசோவை எழுதிய டானியல் டிஃபோ நொக்ஸைப் படித்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. 1720இல் வந்த தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையையே சுருக்கிச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டு வந்த குரூசோவிலும் நொக்ஸின் சாயல் விழுந்திருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நாலு வருடம் போதாது, குரூசோ இருபத்தெட்டு வருடம் இருக்கிறான். அவனுக்கும் காய்ச்சல் வருகிறது, அந்தக் காய்ச்சலில்தான் அவன் விவிலியத்தைத் திறக்கிறான்.

பிள்ளையின் மனம் எழுதாத தாள் என்ற கருத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜோன் லொக்கும் நொக்ஸைப் படித்தவர். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது இராசசிங்கனின் கொடுங்கோலை மட்டும். தன் அரசியல் நூலில் இலங்கையைச் சாட்சிக்கு அழைத்ததோடு சரி.

டிஃபோவின் கையில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. நொக்ஸ் தனியாக இருக்கவில்லை. கைதிகளை ஊருக்கொருவராகப் பிரித்து, சோறு போடும் பொறுப்பை ஊராரிடம் விட்டிருந்தான் அரசன். நொக்ஸ் சிங்களம் பேசினான், கடன் கொடுத்தான், கடன் கேட்டுச் சண்டை பிடித்தான். குரூசோவில் அந்த ஊர் முழுவதும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு மனிதனும் ஒரு தீவும். ரூசோவுக்கு வேண்டியதும் அதுதான். ஊரார் அபிப்பிராயம் தீண்டாத தனியாள் பொருள்களை எப்படி மதிப்பிடுவானோ அப்படி எமீல் மதிப்பிடப் பழகட்டும் என்றார். குரூசோவுக்குத் துணையாக வரும் 'வெள்ளி' (Friday) என்ற ஆளைப் பற்றிப் பையனுக்கு இப்போது அக்கறை இல்லை, நாளைக்கு அந்தத் துணையும் போதாமல் போகும் என்றும் எழுதினார். ஆக, தனிமை ஒரு படி மட்டுமே என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

பருவம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. காப்பில் தொடங்கிச் சிறுதேர் வரை ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். ஆனால் பிள்ளை செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது என்று பார்த்து மகிழ்ந்த புலவர்கள், ஒன்று ஏன் மற்றதற்கு முன்னால் வர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

'எமீல்' வந்த ஆண்டே பாரிசில் அதை எரித்தார்கள், ரூசோவின் பிறந்த ஊரான ஜெனீவாவிலும் எரித்தார்கள். 1912இல் அதே ஜெனீவா ரூசோ பெயரில் ஒரு கல்வி நிறுவனம் கண்டது. 1921இல் அங்கே சேர்ந்தவர் ஜான் பியாஜே. பரீட்சைகளில் பிள்ளைகள் விடும் பிழைகள் ஒரே வயதில் ஒரே மாதிரி இருப்பதைப் பாரிசில் கவனித்துவிட்டு வந்தவர். அறிவு வளரும் படிகளை அவர் வகுத்தார். ஆளுமைக்கு எட்டுப் படி வகுத்தவர் எரிக் எரிக்சன். பெற்ற தகப்பன் யாரென்று அறியாமல், மாற்றாந்தகப்பன் பெயரோடு வளர்ந்து, 1939இல் தனக்குத் தானே 'எரிக்சன்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். போரிலிருந்து மனம் குலைந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தபோதுதான் அவர் 'அடையாள நெருக்கடி' என்ற பேச்சை எடுத்தார். 1950இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே குழந்தைப் பருவத்தோடு சமூகமும் இருக்கிறது. டிஃபோ கலைத்த ஊர் அங்கே திரும்பக் குடியேறியது என்பேன்.

எரிக்சனின் ஏழாம் படி, நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவது. பேண ஆளில்லாதவன் தேங்கிப்போவான் என்பது அவர் கணக்கு. நொக்ஸ் கண்டி நாட்டில் மணம் முடிக்கவில்லை. ஆனால் சக கைதி ஒருவனுக்கு உள்ளூர்ப் பெண்ணிடம் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தான். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபின், கண்டியில் விட்டுவந்த வீடும் காணியும் அவளுக்கே என்று மிச்சமிருந்த கைதிகளுக்குக் கடிதம் எழுதினான். பின்னாளில் மடகஸ்காரிலிருந்து அடிமைகளை ஏற்றிப் போனதும் இதே நொக்ஸின் கப்பல்தான். எட்டுப் படிகளில் அதற்கு எந்தப் படி என்று எரிக்சனிடம்தான் கேட்க வேண்டும்.