பாறை பூட்டியதை யார் திறந்தது?



தோட்டத்துத் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பளீரென்று எரிந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெளிச்சத்துக்குக் காரணம், மேண்டிலில் இருந்த தோரியம். யுரேனியத்தைப் போலவே கதிர்வீச்சு உடையது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அன்று திருவாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டைக் கண்டறிந்தார். அதே மோனசைட் நம் பேராக்கிலும் உண்டு.

எப்படி வந்தது? சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கல் மலைகள் மழையிலும் வெயிலிலும் மெல்லச் சிதைந்தன. காற்றும் நீரும் பட்டால் யுரேனியம் கரைந்து ஓடும். வேறிடத்தில் மஞ்சள், பச்சைக் கனிமங்களாகப் படியும். தோரியம் எளிதில் கரையாது. மோனசைட் மணிக்குள் பூட்டப்பட்டபடியே, ஈயத் தாதோடு கிந்தா பள்ளத்தாக்கில் வந்து தங்கியது. ஈயம் எடுத்தபின் எஞ்சிய மணலை 'அமாங்' என்றார்கள்.

அந்த அமாங்கில் அரிய மண் தனிமங்கள் இருந்தன. வண்ணத் தொலைக்காட்சித் திரையின் சிவப்பு நிறத்துக்கு இத்தகைய தனிமங்களே உதவின. அவற்றைப் பிரித்தெடுக்க 1982இல் ஈப்போ அருகே புக்கிட் மேராவில், ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்குபெற்ற ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இரசாயனங்கள் மோனசைட்டின் பூட்டை உடைத்தன. தோரியம் கழிவாக வெளியேறியது.

1984இல் பாப்பானில் கழிவுக் கிடங்கு அமைப்பதை மக்கள் எதிர்த்தார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் 8 பேர் வழக்குத் தொடுத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள் வாழ்ந்த அந்தக் கிராமத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர் நம் மீனாட்சி ராமன், பினாங்கு பயனீட்டாளர் சங்க வழக்கறிஞர். 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் நடவடிக்கையில் அவரும் தடுத்து வைக்கப்பட்டார்.

1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டத்தில் நிறுவனம் வென்றது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது.

தோரியத்தின் அளவு பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நிறுவனம் போகலாம், நீதிபதிகள் மாறலாம். அந்த மலை அங்கேதான் இருக்கும். 2012இல் குவாந்தானில் லைனாஸ் ஆலை தொடங்கியபோது இதே கேள்வி மீண்டும் எழுந்தது. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டைத் திறப்பதற்கு முன், கழிவு எங்கே போகும் என்பதற்கு அங்கே குடியிருப்பவர்களிடம் பதில் சொல்லுங்கள் என்கிறேன். புக்கிட் மேரா மக்கள் கேட்டதும் அதைத்தான்.