வெள்ளி வீழ்ந்த காலம்

மலேசியத் தமிழர் நாவில் ரிங்கிட் இன்றும் ‘வெள்ளி’தான். அங்காடியில் மீன் வாங்குவோரும் வங்கியில் பணம் கட்டுவோரும் ‘பத்து வெள்ளி’ என்றே சொல்கின்றனர். கையில் புழங்கும் காசில் வெள்ளி உலோகம் சிறிதும் இல்லை. சொல் மட்டும் நின்றுவிட்டது. ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ச் சொல்லும் பழைய இசுபானிய வெள்ளிக் காசின் பல்வெட்டிய விளிம்பைக் குறித்து எழுந்ததேயாகும். இவ்விரு சொற்களுக்கும் பின்னே ஓர் உலோகத்தின் வீழ்ச்சிக் கதை மறைந்து கிடக்கிறது.

சுல்தான் அபு பக்கர் ஆண்ட காலத்தில் (1862–1895) ஜொகூரின் செல்வம் மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியரும் ஆகும். ஆற்றோரங்களில் சீனர் அமைத்த தோட்டங்களுக்கு முதல் தந்தது சிங்கப்பூர். விளைந்த சரக்கு சென்றதும் சிங்கப்பூருக்கே. ஆகவே நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே பணம் வழங்கியது. கழுகு பொறித்த மெக்சிகோ டாலரே அப்பணத்துள் தலையாயது. வணிகர் அதனைப் பலகையில் தட்டி ஒலி கேட்டனர், எடை பார்த்தனர், நல்ல காசென்று தெளிந்தபின் சீன வணிகர் தம் முத்திரையை அதன்மேல் அடித்தனர். நாணயம் என்பது அன்று அரசின் வாக்குறுதியன்று. கையிலிருக்கும் உலோகமே அதன் மதிப்பு.

அந்த உலோகம் சரியத் தொடங்கியது. 1870-களின் தொடக்கத்தில் இலண்டனில் ஓர் அவுன்சு வெள்ளி ஏறத்தாழ 60 பென்சு விற்றது. 1902-இன் இறுதியில் 22 பென்சுக்கும் கீழே இறங்கிற்று. செருமனி முதலிய நாடுகள் தங்க நாணயத்துக்கு மாறித் தம் வெள்ளியைச் சந்தையில் கொட்டின; அமெரிக்கச் சுரங்கங்களோ மேலும் மேலும் தோண்டிக் குவித்தன. மிளகையும் கேம்பியரையும் தங்க நாணய நாடுகளுக்கு விற்று, கூலியை வெள்ளியில் கொடுத்த வணிகருக்கு இவ்வீழ்ச்சி ஒருவகையில் நன்மையே செய்தது. இறக்குமதித் துணி வாங்கியோர்க்கு அந்நன்மை இல்லை.

தமிழர்க்கு நேர்ந்தது வேறு. இந்திய ரூபாயும் வெள்ளிக் காசாக இருந்தமையால் தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே சரிந்தன. 1893-இல் இந்திய அரசு, தனியார் கொணரும் வெள்ளியைக் காசடித்துத் தருவதை நிறுத்தியது. நூற்றாண்டின் இறுதிக்குள் ரூபாய் 16 பென்சில் நிலைபெற்றது. டாலருக்கு அத்தகைய காவல் இல்லை. முன்பு பத்து டாலர் ஊர் சேர்ந்தால் ஏறக்குறைய 22 ரூபாய். 1902-இல் அதே பத்து டாலருக்குக் கிடைத்தது 12 ரூபாய் அளவே. உழைப்பு குறையவில்லை, கூலியும் குறையவில்லை; ஆயினும் தஞ்சையிலோ திருச்சியிலோ காத்திருந்த குடும்பத்தின் அடுப்பில் வேகும் அரிசி பாதியாகிவிட்டது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் இருந்த நகரத்தாரும் தப்பவில்லை. ரூபாயாகக் கொணர்ந்த முதல், டாலராகக் கடன் கொடுக்கப்பட்டுத் திரும்பும்போது இளைத்தே திரும்பியது. நாணய மாற்றுக்காரர் மட்டும் வாங்கியதை உடனே விற்றுவிடும் வழக்கத்தால் பிழைத்தனர். சரியும் சந்தையில் சரக்கை இருப்பு வைப்பவனுக்கே இழப்பு.

1903-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த புதிய நீரிணைக் குடியேற்ற டாலர் வந்தது. மெக்சிகோ டாலரின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1906-இல் ஒரு டாலர் 28 பென்சு என உறுதியாயிற்று. அதாவது பத்து டாலருக்குப் பதினேழரை ரூபாய். 1909-இல் இருப்புப்பாதை ஜொகூரை ஊடறுத்துச் சென்றது. அதன் பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்குத் திரளாக வந்த தமிழர் இந்த நிலைத்த டாலரையே கூலியாகப் பெற்றனர்.

வீழ்ந்த வெள்ளி உடனே ஏறியதுதான் வேடிக்கை. காசின் மதிப்பை அதிலுள்ள உலோகத்தின் விலை எட்டிப் பிடித்தது. உருக்கிவிடுவார்களோ என அஞ்சிய அரசு, 26.95 கிராம் எடையுள்ள டாலரைத் திரும்பப் பெற்று, 1907-இல் 20.21 கிராம் அளவில் சிறியதாக அடித்தது. மீண்டும் விலை ஏற, 1919-இல் வெள்ளியின் மாற்று நூற்றுக்கு ஐம்பதாகக் குறைந்தது.

நாணயம் சேர்ப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. பழங்காசுக்குப் பகை விலைவீழ்ச்சியன்று, விலையேற்றமே. வெள்ளி மலிந்திருக்கும்போது காசு பெட்டியில் உறங்குகிறது. வெள்ளி ஏறினால் உலைக்குப் போகிறது. 1980 சனவரியில் அவுன்சு 50 அமெரிக்க டாலரை நெருங்கியபோது உலகெங்கும் பழைய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாக உருகின. மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் விலை 11 டாலருக்கும் கீழே விழுந்தது. உச்சத்தில் வாங்கியோர் கைசுட்டுக் கொண்டனர். தேய்ந்த காசின் விலை உலோகத்தோடு சேர்ந்து விழுந்தது. எழுத்தும் மெருகும் அழியாத அரிய காசு அவ்வளவாக விழவில்லை. உருகிப்போனதை மட்டும் எவ்விலைக்கும் மீட்க இயலவில்லை.

இன்னொரு வகைக் காசும் உண்டு. காது பற்றவைத்துக் கழுத்தில் கோத்த காசு அது. வாணிகர் அதனைப் பழுதென்று ஒதுக்கிப் பாதி விலையும் தரமாட்டார். ஆனால் வரலாறு படிப்போர்க்கு அந்தப் பற்றுதான் செய்தி. மெக்சிகோவின் கழுகோ எட்வர்டின் தலையோ, வங்கி அறியாத ஒரு பெண்ணின் சேமிப்பாகத் தாலிக்கயிற்றின் பக்கத்தில் தொங்கியிருக்கிறது; அவள் கழுத்தில் கிடந்தமையாலேயே உலைக்குப் போகாமல் தப்பியும் இருக்கிறது.