கல்கத்தா மதரஸாவின் கணக்கேடும் கல்வி உதவித்தொகையும்

1833 டிசம்பர் மாதத்துக்குரிய ஒரு கணக்கு இந்தியக் கல்வி வரலாற்றின் போக்கையே திருப்பப் பயன்பட்டது. கல்கத்தா மதரஸாவின் வரவு செலவுக் கணக்கு அது. அம்மாதத்தில் அங்கு அரபி பயின்ற மாணவர்கள் 77 பேர். அனைவரும் அரசுப் பணத்தில் உதவித்தொகை பெற்றவர்கள். மொத்தம் மாதத்துக்கு 500 ரூபாய்க்குச் சற்று மேல். அதே கணக்கின் மறுபக்கத்தில், வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் படித்தவர்கள் மே, ஜூன், ஜூலை ஆகிய 3 மாதங்களுக்குச் செலுத்திய கட்டணம் 103 ரூபாய் என வரவு வைக்கப்பட்டிருந்தது. 1835 பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பில் இவ்விரு தொகைகளும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. அரபி படிக்க ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் படிக்கவோ மக்கள் தாமே பணம் தருகிறார்கள். எந்தக் கல்விக்கு மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று எதற்கு என்பது அவரது வாதம்.

அக்குறிப்பில் கீழை இலக்கியங்களை அவர் ஏளனம் செய்த பகுதியைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியுள்ளனர். உதவித்தொகை பற்றிய பகுதி அவ்வளவு கவனம் பெறவில்லை. ஆனால் ஏளனம் காற்றோடு போயிற்று. உதவித்தொகை பற்றிய வாதமோ அரசாணையாயிற்று. கல்லூரியில் சேர விரும்பும் ஏழை மாணவன் அரசுக்கு மனுச் செய்து, தன் தகுதியையும் வறுமையையும் மெய்ப்பித்து, உதவி பெறும் இன்றைய முறையின் வேர் அந்த ஆணையிலும் அதைத் தொடர்ந்த திருத்தத்திலும் இருக்கிறது.

அதற்கு முன் இருந்தது என்ன? நம் ஊர்களில் ‘வழீஃபா’ என்றாலும் ‘ராத்திபு’ என்றாலும் திக்ரு மஜ்லிஸ்தான் நினைவுக்கு வரும். அரபியில் இவ்விரு சொற்களுக்கும் தவறாமல் நிறைவேற்றப்படும் ஒன்று என்பது பொதுப் பொருள். ஆகவேதான் நாள்தோறும் ஓதும் அவ்ராதுக்கும் மாதந்தோறும் கிடைக்கும் ஊதியத்துக்கும் ஒரே பெயர் அமைந்தது. மாணவனுக்கு மதரஸா அளித்த தொகையும் வழீஃபாதான். அல்அஸ்ஹரில் மாணவர்களுக்கு அன்றாடம் வழங்கப்பட்ட ரொட்டிக்கு ‘ஜிராயத்’ என்று பெயர். இவை படிப்புக் கட்டணத்துக்கு ஈடாகத் தரப்பட்டவை அல்ல, ஏனெனில் படிப்புக்குக் கட்டணமே கிடையாது. படிக்கும் காலத்தில் உண்ணவும் உடுக்கவும் தங்கவும் தரப்பட்டவை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் தேவைப்படும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளித் திண்ணையில் தங்கிக் கற்ற திண்ணைத் தோழர்களின் உணவுப் பொறுப்பைச் சமுதாயமே ஏற்றிருந்தது. பிற்கால ஃபுகஹாக்கள் இதற்குச் சட்ட வடிவமும் தந்தனர். உழைத்துப் பொருளீட்டும் வலிமை உள்ளவனுக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விதி. ஆனால் அவன் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டு, பொருளீட்டச் சென்றால் கல்வி தடைப்படும் என்ற நிலையில் இருந்தால் அவனுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். உபரி வணக்கங்களுக்காகத் தொழிலை விட்டவனுக்கு இச்சலுகை இல்லை. கல்வியின் பயன் பிறரையும் சென்றடைகிறது என்பதே காரணம்.

பக்தாதில் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா ஹிஜ்ரி 459இல், அதாவது கி.பி. 1067இல், திறக்கப்பட்டபோது இம்முறை பேரளவில் நிலைபெற்றது. ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்கு உதவி, எல்லாவற்றுக்கும் வக்ஃபு வருமானம். இச்செய்தி எட்டியபோது மாவராஉந்நஹ்ரின் உலமாக்கள் துக்கம் கொண்டாடியதாக ஒரு வரலாறு சொல்லப்படுவதுண்டு. உயர்ந்த உள்ளம் கொண்டவர்கள் கல்விக்காகவே கல்வியைத் தேடிய காலம் போய், இனிக் கூலிக்காகக் கற்பவர்கள் வருவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்களாம். அந்த அச்சம் முற்றிலும் பொய்க்கவுமில்லை. நிஜாமிய்யாவின் வக்ஃபு ஷாஃபிஈகளுக்கு உரியது. வாஸித்தைச் சேர்ந்த இலக்கண மேதை இப்னுத் தஹ்ஹான் முதலில் ஹன்பலியாக இருந்தார், பின்னர் ஹனஃபியானார், நிஜாமிய்யாவில் இலக்கண ஆசிரியர் பதவி காலியானதும் ஷாஃபிஈயானார். அவரைக் கேலி செய்து அக்காலத்திலேயே ஒருவர் கவிதை பாடிவிட்டார்! பணம் இருக்கும் இடத்தில் நிபந்தனையும் இருக்கும். நிபந்தனைக்கேற்ப மனிதர்கள் வளைவதும் உண்டு. பழைய முறையைக் குறையற்றதாகக் காட்டுவது வரலாறு ஆகாது.

இந்தியாவில் முகலாய அரசு செய்ததற்கு நல்லதொரு சான்று குஜராத் வரலாறாகிய ‘மிர்ஆத்தே அஹ்மதீ’யில் கிடைக்கிறது. தொடக்க இலக்கண நூலாகிய ‘மீஸான்’ முதல் தஃப்ஸீர் ‘கஷ்ஷாஃப்’ வரை ஓதும் மாணவர்களுக்குக் கருவூலத்திலிருந்து உதவி வழங்கும்படி அவுரங்கசீப் ஆணையிட்டார். ஸத்ரின் ஒப்புதலும் மதரஸா ஆசிரியரின் சான்றும் அதற்கு வேண்டும். எனவே சான்று கேட்பது ஆங்கிலேயர் புகுத்திய புதுமை அன்று. ஆனால் சான்றளித்தவர் யார் என்று பார்க்க வேண்டும். மாணவனை நாள்தோறும் கண்ணெதிரே காணும் உஸ்தாதே அவர். அவன் என்ன ஓதுகிறான் என்பதைச் சொல்ல அவரால் முடியும். அவன் வீட்டு வருமானத்தை அவர் அளக்க வேண்டியதில்லை.

1780இல் கல்கத்தாவின் முஸ்லிம் பெருமக்கள் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் மனு அளித்ததும், அவர் மவ்லானா மஜ்துத்தீனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு மதரஸாவைத் தொடங்கியதும் இந்த மரபின் தொடர்ச்சியே. ஆசிரியருக்கு மாதம் 300 ரூபாய். 40 மாணவர்களுக்குத் தலைக்கு 5 முதல் 7 ரூபாய் வரை. ஹேஸ்டிங்ஸின் நோக்கம் அறப்பணி மட்டும் அன்று. கம்பெனியின் நீதிமன்றங்களுக்கு ஃபார்ஸியும் ஃபிக்ஹும் அறிந்த அலுவலர்கள் தேவைப்பட்டனர். எனினும் முறை பழையதே: மதரஸாவில் இடம் கிடைத்தால் வழீஃபாவும் கிடைக்கும்.

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கல்விக்கு ஆண்டுதோறும் 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கச் சொன்னது. 1823இல் பொதுக்கல்விக் குழு அமைந்தது. அப்பணத்தை அரபி, சமஸ்கிருதக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்கா என்ற பிணக்கில் குழு இரண்டாகப் பிளந்து நின்ற நேரத்தில்தான் மெக்காலேயின் குறிப்பு வந்தது.

அவருடைய கணக்கை நாமும் ஒருமுறை பார்ப்போம். 103 ரூபாய் என்பது 3 மாத வரவு; மாதத்துக்கு 34 ரூபாய்தான். ஆங்கிலத்துக்கு இருந்த தாகத்தை அளக்க இது பெரிய தொகை அன்று. மேலும், நகரில் பெற்றோர் வீட்டில் உண்டு உறங்கி வகுப்புக்கு மட்டும் வந்து போகும் மாணவனையும், தொலைவான மாவட்டத்திலிருந்து கிதாபும் மாற்றுடையுமாக வந்து சேர்ந்தவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னவன் செலுத்தியது படிப்புக் கட்டணம், பின்னவன் பெற்றது சோற்றுச் செலவு. ஒன்றுக்கொன்று எதிரான கணக்குகளாக இவற்றை நிறுத்தியதே பிழை.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. அக்குறிப்பை எழுதியவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் 1824இல் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதன்வழி 7 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 பவுன் அவருக்குக் கிடைத்தது. தந்தையின் வணிகம் நொடித்திருந்த காலத்தில் அது அவருக்குப் பெரும் துணையாயிற்று. டிரினிட்டியை 1546இல் நிறுவியவர் எட்டாம் ஹென்றி. கலைக்கப்பட்ட துறவி மடங்களின் சொத்தே அதன் மூலதனம். லத்தீனும் கிரேக்கமும் கற்றவருக்கு அளிக்கப்பட்ட தொகை அக்கல்விக்குச் சூட்டிய மகுடமாம். அரபி கற்றவருக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய் அளித்தால் அது அக்கல்வியின் மதிப்பின்மைக்குச் சான்றாம்!

1835 மார்ச் 7ஆம் நாள் பெண்டிங்கின் ஆணை வந்தது. அப்போதிருந்த மாணவர்களுக்குத் தொகை தொடரும். இனிச் சேர்பவர்களுக்குக் கிடையாது. இக்கொள்கையை எதிர்த்துக் கல்கத்தா முஸ்லிம்கள் 8,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மனு அளித்தனர். சமஸ்கிருதக் கல்லூரி மாணவர்களும் கலங்கினர். பாதிப்பு ஒரு சமுதாயத்தோடு நின்றதன்று என்பதற்கு ஈசுவர சந்திர வித்யாசாகரே எடுத்துக்காட்டு. வறிய பிராமணக் குடும்பத்துச் சிறுவனாக 1829இல் அக்கல்லூரியில் சேர்ந்த அவரைப் படிப்பில் நிலைநிறுத்தியது இத்தகைய மாத உதவியே. ஆறு ஆண்டுகள் தாமதித்துப் பிறந்திருந்தால் வங்காளம் அவரைக் கண்டிருக்குமா என்பது ஐயம்.

எதிர்ப்பு வீண் போகவில்லை. ஆனால் திரும்பக் கிடைத்தது பழைய பொருள் அன்று. 1839 நவம்பரில் ஆக்லாந்து எழுதிய குறிப்பு கீழைக் கல்லூரிகளுக்குரிய நிதியை மீட்டுத் தந்தது. கூடவே ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. அனைவருக்கும் பிழைப்பூதியம் இல்லை. தேர்வில் சிறந்த ஒரு பகுதியினருக்கு மட்டும் குறித்த காலத்துக்கு உதவி. தமிழில் முந்தைய தலைமுறை ‘உபகாரச் சம்பளம்’ என்று வழங்கிய சொல்லை எண்ணிப் பாருங்கள். சம்பளம் என்பது உரிமை, உபகாரம் என்பது தயவு. இரண்டுக்கும் இடையில் நின்ற புதுமுறையை அச்சொல் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது! திறமைக்குப் பரிசு என்பதில் நியாயம் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வழீஃபாவைப் பெற்றுக்கொண்டு தேங்கிக் கிடந்தவர்கள் மதரஸாக்களில் இருந்ததும் உண்மை. ஆனால் தேர்வில் முந்துவதற்கே வயிற்றுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோற்றுக்கு யார் பொறுப்பு என்ற வினாவை ஆக்லாந்தின் முறை விடுவிக்கவில்லை.

அரசு விட்ட பொறுப்பை வக்ஃபு ஏற்றிருக்கலாம். ஹூக்ளியின் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் 1806இல் தம் பெருஞ்சொத்தை வக்ஃபு செய்து, வருமானத்தை 9 பங்காக்கி, சமயச் செலவுகளுக்கு 3 பங்கும், பணியாளர் ஊதியத்துக்கும் உதவித் தொகைகளுக்கும் 4 பங்கும், முதவல்லிகளுக்கு 2 பங்கும் எழுதிவைத்தார். 1812இல் அவர் மறைந்தபின் முதவல்லிகள் மீது மோசடிப் புகார் எழுந்தது. அரசு நிர்வாகத்தைக் கையிலெடுத்தது. நெடிய வழக்கு நடந்தது. சேர்ந்த பணத்தில் 1836இல் ஹூக்ளிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதில் பயின்றவர்களில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. பிற சமுதாய மாணவர்கள் பயனடைந்ததில் நமக்கு வருத்தமில்லை. பங்கிம் சந்திரரும் அங்கே படித்தவர்தாம். ஆனால் முஸ்லிம் வக்ஃபின் பணத்தில் நடந்த கல்லூரியில் முஸ்லிம் மாணவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத நிலையை 1871இல் ஹண்டர் தம் நூலில் எடுத்துக்காட்டியபின்தான் அரசு அசைந்தது. 1873இல் கல்லூரிச் செலவை அரசே ஏற்று, முஹ்ஸின் நிதியை முஸ்லிம் கல்விக்கு விடுவித்தது. டாக்கா, சிட்டகாங், ராஜ்ஷாஹி மதரஸாக்களுக்கு ஒரு பகுதி. அரசுப் பள்ளி, கல்லூரிகளில் பயிலும் முஸ்லிம் மாணவரின் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைச் செலுத்த ஒரு பகுதி. வங்காள முஸ்லிம் நடுத்தர வகுப்பின் பல தலைமுறைகள் இப்பணத்தில் படித்தவை.

அரசு உதவி ஒரு மாணவனைத் தாண்டியும் பலன் தரும் என்பதற்கு 1869இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை பெற்ற ஸையித் மஹ்மூதுடன் அவருடைய தந்தை ஸர் ஸையித் அஹ்மத் கானும், வீட்டை அடமானம் வைத்துக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜைக் கண்டு திரும்பிய தந்தையின் திட்டமே அலிகர் கல்லூரி.

1882ஆம் ஆண்டுக் கல்விக் குழு, முஸ்லிம்களுக்கெனத் தொடக்கப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை படிப்படியான தனி உதவித்தொகைகளையும், கட்டணமில்லா இடங்களையும் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் முஸ்லிம் மாணவருக்கு அரைக் கட்டணச் சலுகை இருந்தது. பாதிச் சம்பளத்தில் படித்ததைச் சொல்லக் கேட்ட முதியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். இவை யாவும் கட்டணத்தைக் குறைத்தன. வழீஃபாவைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை வந்தபின், சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டங்கள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 50 விழுக்காடு மதிப்பெண். பெற்றோரின் ஆண்டு வருமானம் பள்ளி மாணவருக்கு 1 லட்சம், மேற்படிப்புக்கு 2 லட்சம், தொழிற்கல்விக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமை. 30 விழுக்காடு மாணவியருக்கு. இவ்விண்ணப்பங்களை நிரப்பித் தரும் பணி எம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும் வந்து சேர்ந்தது. அதில் கண்ட இடையூறு வறுமையோ மதிப்பெண்ணோ அன்று; பெயர். பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, குடும்ப அட்டையில் ‘முஹம்மது’, வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும். அரபிப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு விதமாக எழுதிய எழுத்தர்களின் கைவண்ணத்தால் ஒரே மாணவன் மூன்று ஆட்களாகிவிடுவான். அவனை நாள்தோறும் காணும் ஆசிரியரின் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

2022இல் இத்திட்டங்கள் சுருங்கின. ஆராய்ச்சி மாணவருக்கான மவ்லானா ஆஸாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு அது ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்று காரணம் கூறப்பட்டது. பள்ளி உதவித்தொகை 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்றாயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை கல்வி இலவசம், ஆகவே உதவி தேவையில்லை என்பது விளக்கம். ஆனால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை, வீட்டிலிருந்து பள்ளி செல்லும் குழந்தைக்கு அத்திட்டம் கட்டணமாக எதையுமே தந்ததில்லை. அது தந்தது பராமரிப்புத் தொகை மட்டும்: மாதம் 100 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 10 மாதங்களுக்கு.