கடனீரேரியைச் சுற்றி ஒரு நாட் பயணம்

ஆவணி விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து குடும்பத்துடன் வந்திருந்த மாமா, ஒருநாள் மாலை முற்றத்திலிருந்து ஜெனீவா ஏரிக்கரைப் படங்களை எமக்குக் காட்டினார். நீரோரமாகவே செல்லும் வீதியும், சரிவிலே படிபடியாக ஏறும் திராட்சைத் தோட்டங்களும், ஏரிக்குள் இறங்கி நிற்கும் சில்லோன் என்னும் பழங்கோட்டையும் எம்மை மயக்கிவிட்டன. "இங்கே இப்படி ஏரி இல்லையோ?" என்று மாமாவின் மகள் கேட்டாள். மிசன் பாடசாலையிலே ஜெனீவா ஏரியை உலகப் படத்திற் பிழையின்றிக் குறிக்கப் பழகிய எமக்கு உடனே விடை வரவில்லை. அம்மம்மாதான், "ஏன் இல்லை? வீட்டுக்குப் பின்னாலை கிடக்கிறது என்ன?" என்றார். எமது வீடு அரியாலையில் உள்ளது.

அவ்வாறு தொடங்கியது இப்பயண ஏற்பாடு. வழி வகுக்கும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. வழியைத் தேடப் புகுந்த நாம் கண்டவற்றையே இம்மலரிலே அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

எமது ஏரி நன்னீரேரி அன்று. மேற்கே கடலோடு கலந்து, கிழக்கே சுண்டிக்குளத்து மணற்றிடரால் அடைபட்டு, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே கிடக்கும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு அது. மாரியிற் கடல்போல விரியும். கோடையிற் பல இடங்களில் வற்றி, உப்புப் பூத்து வெளுக்கும். நீர் ஆழமற்றிருப்பதே இதன் வரலாறு முழுவதற்கும் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆழமான நீராயிருந்தால் யானைகள் நடந்து கடந்திரா. ஆனையிறவு என்ற பெயரும் பிறந்திராது.

நாம் வகுத்த வழி பின்வருமாறு. அரியாலையிற் புறப்பட்டு, செம்மணி வெளியைத் தாண்டி, நாவற்குழியில் வலப்புறம் திரும்பி, தனங்கிளப்பு வழியாகக் கேரதீவை அடைதல். சங்குப்பிட்டிப் பாலத்தாற் கடந்து பூநகரி. அங்கிருந்து தென்கரையோரமாகப் பரந்தன். பின் வடக்கே திரும்பி ஆனையிறவு, பளை, சாவகச்சேரி, வீடு. எல்லாமாக நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வட்டம். காலையிற் புறப்பட்டால் விளக்கு வைக்குமுன் திரும்பிவிடலாம்.

படத்தில் விரலை வைத்து இதனை நாம் விளக்கியபொழுது முதல் இடறல் செம்மணியிலேயே ஏற்பட்டது. அங்கே வயல்வெளி அழகானது, இறங்கிப் படம் எடுக்கலாம் என்றோம். பெரியவர்கள் ஒருவரும் பேசவில்லை. 1999இல் அவ்வெளியிலும், 2025இல் அதனை அடுத்த சித்துப்பாத்தி மயானத்திலும் மனித எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டமையை நாம் அறியாதவர்களல்லேம். அறிந்தும் அவ்வாறு சொன்னோம். "அதிலை நிக்க வேண்டாம்" என்றார் அம்மா. படத்தில் அவ்விடத்தை விரல் நிறுத்தாமற் கடந்தோம்.

அடுத்தது நாவற்குழிப் பாலம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, மழையிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது இவ்வழியேதான். எமது குடும்பமும் அக்கூட்டத்தில் ஒன்று. இன்று சில நிமிடங்களிற் கடக்கும் தூரத்தை அன்று கடக்க ஓர் இரவு சென்றதாம்.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே முன்னாளிற் 'பாதை' ஓடியது. பாதை என்றது வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டை மிதவையை. புலம்பெயர் நாட்டுப் பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்குவதற்கே அரைமணி நேரம் சென்றது! போர்க்காலத்தில் அது நின்றது. 2011 சனவரியில் 288 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்ட பின்னரே இவ்வட்டப் பயணம் கைகூடக்கூடியதாயிற்று. அதற்கு முன் பூநகரிக்குப் போக விரும்பியவர் ஆனையிறவைச் சுற்றியே போகவேண்டியிருந்தது.

பூநகரியிற் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கையாண்ட சிறு கோட்டையின் சிதைவு உண்டு. அங்கிருந்து மணற்பாதையாற் சென்றால் மண்ணித்தலையிற் பழைய சிவாலயம் ஒன்று உண்டு. அதனைத் தரிசிக்க எமக்குப் பேராவல். ஆயின் அம்மம்மாவின் முழங்கால் மணலுக்கு இசையாது. வேறொரு முறைக்கு விட்டோம்.

இனி ஆனையிறவு. இங்கேதான் எமது மனம் அதிகம் நின்றது. வன்னித் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானைகளை. அவை இவ்விடத்து ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுட் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. இந்தக் கழுத்தைக் காப்பவன் குடாநாட்டின் போக்குவரத்தையே காப்பான் என்பதை உணர்ந்து ஒல்லாந்தர் இங்கே வரிசையாகச் சிறு காவலரண்களை வைத்திருந்தனர். மாமாவின் படத்திலிருந்த சில்லோன் கோட்டையும் இதே தொழிலைச் செய்ததுதான்: ஏரிக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியை மறித்து நின்று, போவோர் வருவோரிடம் ஆயம் வாங்கியது. வேறுபாடு யாதெனின், அது இன்றும் முழுதாக நிற்கின்றது. ஆனையிறவுக் கோட்டையோ பின்னாளிற் பயணிகள் தங்கும் விடுதியாகி, போரில் அழிந்துபோயிற்று. அவ்விடுதியில் நீரைப் பார்த்தபடி தேநீர் அருந்தியதை அப்பப்பா இன்றும் சொல்வார். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் இவ்வொடுங்கிய நிலத்துக்காக நடந்த போர்களில் மாண்டோர் பல்லாயிரவர்.

இதே இடத்துக்கு மற்றொரு கனவும் உண்டு. கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி நீர் ஆனையிறவுக்குக் கிழக்கே ஏரியில் விழுந்து உவராகி வீணாகின்றது. அதனை உவர்நீரோடு கலவாது தேக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சி ஏரிக்குச் செலுத்தினால், ஆறில்லாத குடாநாட்டின் கிணறுகள் நன்னீர் பெறும் என்பது நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த திட்டம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்பர். அணைகளும் கால்வாயும் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாமல் நின்றன. எமது கிணற்றுநீர் ஆண்டுக்காண்டு உவர்ப்பேறி வருவதைக் காணும் நாம், அக்கால்வாய் முடிந்திருந்தால் என்று எண்ணாமல் இருத்தல் இயலாது. பூநாரைகளைக் காணலாமா என்று கேட்ட மச்சாளுக்கு, அவை மாரியை ஒட்டியே வரும், ஆவணியில் இல்லை என்று சொல்லி ஏமாற்றமளிக்க நேர்ந்தது.

வழி முடிவாயிற்று என்றே எண்ணினோம். மாமாவும் தலையாட்டினார். அப்பொழுது அம்மம்மா, "கிளாலிக்குப் போகேல்லையோ?" என்றார்.

கிளாலி எமது பட்டியலில் இல்லை. கண்டி வீதியிலிருந்து தெற்கே பிரிந்து போகவேண்டிய கரையூர் அது. புனித யாகப்பர் ஆலயத்தாற் பெயர் பெற்றது. 1990இல் மீண்டும் போர் மூண்டு ஆனையிறவுப் பாதை அடைபட்ட பின், தொண்ணூறுகளின் முற்பாதியிற் குடாநாட்டவர் வெளியேறவும் உள்ளே வரவும் இருந்த வழி கிளாலிக் கடலேயாகும். இரவில், விளக்கில்லாமல், வள்ளங்களிற் கடந்தார்கள். கடற்படையினர் தடைசெய்த நீர்ப்பரப்பு அது. 1993 சனவரியில் அங்கே படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் மாண்டனர்.

1994இல் மாமாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விமானமேற்ற அம்மம்மா அவ்வழியே சென்றார். மாமாவுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. மகனை அனுப்பிவிட்டு அதே கடலைத் தனியாகக் கடந்து திரும்பினார். இவ்வளவும் நாம் முன்னரே அறிந்தவை. கிளாலியை நாம் சேர்க்காது விட்டதற்கும் அதுவே காரணம்.

"அங்கை என்னம்மா பாக்கிறது?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

"ரெண்டு தரம் கடந்தனான். ரெண்டும் இருட்டிலை. அந்தக் கடலைப் பகலிலை நான் பாத்ததில்லைத் தம்பி."

மாமா படங்கள் இருந்த கைபேசியை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தார். பிறகு எம்மிடம், எத்தனை மணிக்குக் கிளாலியை அடையலாம் என்று கேட்டார். ஆனையிறவில் அரைமணி நேரத்தைக் குறைத்தால் மாலை மூன்றரைக்கு அடையலாம், வெயில் இருக்கும் என்றோம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வான் வரும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவோம். இடியப்பப் பார்சல் அம்மாவின் பொறுப்பு. நாம் வகுத்த திசையிற் சுற்றினால் நீர் பெரும்பாலும் இடப்பக்கமாகவே வரும். ஆகவே இடப்பக்க யன்னல் அம்மம்மாவுக்கு என்று எழுதி, அருகிலுள்ள இருக்கையில் மாமாவின் பெயரை இட்டோம்.