சாய் சுதர்சன் அவுட் ஆனப்போ நான் விசிலடிச்சேன்

இந்த எபிசோடு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது.

2023 மே 29 ராத்திரி. அகமதாபாத்தில் ஐபிஎல் ஃபைனல். முந்தின நாள் மழையால தள்ளிப்போன மேட்ச். பெருங்குடியில் நாங்க வாடகைக்கு இருந்த ஃபிளாட்டில் ஆறு பேர், ஆறு பேரும் மஞ்சள் ஜெர்சி. குஜராத் டைட்டன்ஸ் பக்கம் ஒரு இடதுகை பேட்ஸ்மேன் நம்ம பவுலர்களைப் போட்டு நொறுக்கிட்டிருந்தார். 47 பந்தில் 96. கடைசி ஓவரில் பத்திரனா அவரை எல்பிடபிள்யூ ஆக்கினப்போ நான் சோஃபா மேல ஏறி நின்னு விசிலடிச்சேன்.

அன்னைக்கு ஃபிளாட்மேட்டோட அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். ஓரமா பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து சத்தமே இல்லாம பார்த்துட்டிருந்தவர், "ஏம்ப்பா, அது நம்ம மெட்ராஸ் பையன்தானே?"ன்னு கேட்டார். சாய் சுதர்சன். சென்னைக்காரர், ரஞ்சியில் தமிழ்நாட்டுக்கு ஆடறவர். "ஆமா அங்கிள், ஆனா இன்னைக்கு எதிர் டீம்"னு சொன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்டார். "உங்க டீம்ல எத்தனை தமிழ்நாட்டுப் பசங்க?"

எண்ணினோம். கெய்க்வாட், கான்வே, ரஹானே, ராயுடு, துபே, தோனி, ஜடேஜா, மொயின் அலி, சஹர், தீக்‌ஷனா, தேஷ்பாண்டே, பத்திரனா. இம்பாக்ட் பிளேயர் வரைக்கும் சேர்த்துப் பார்த்தாச்சு. ஜீரோ.

ராத்திரி ஒரு மணிக்கு மேல ஜடேஜா கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடிச்சு கப் வாங்கிக் கொடுத்தார். நான் அழுதேன், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அங்கிள் கேட்ட கேள்வி மட்டும் போகல. நான் ஃபேனா இருக்கறது எந்த ஊர் டீமுக்கு?

இதைச் சொன்னா உடனே ஒரு சந்தேகம் வரும்: 'மண்ணின் மைந்தர்' பேச்சு பேசப் போறியான்னு. இல்ல. நம்ம கிரிக்கெட் வரலாறே அந்தப் பேச்சைத் தாங்காது.

1934 நவம்பர் 4. ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச் நம்ம சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மெட்ராஸ், மைசூர். ஒரே நாளில் முடிஞ்சிருச்சு. மைசூர் 48-க்கும் 59-க்கும் ஆல் அவுட். மெட்ராஸ் அடிச்சதே 130தான், அதுக்கே இன்னிங்ஸ் வெற்றி. 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தவர் பேர் ஏ.ஜி. ராம் சிங். இனிஷியல்ல இருக்கற 'ஏ' என்ன தெரியுமா? அமிர்தசரஸ். பஞ்சாபிலிருந்து வந்து இங்கேயே வேர் விட்ட சீக்கியக் குடும்பம். அவர் மகன்கள் கிரிபால் சிங், மில்கா சிங் ரெண்டு பேரும் மெட்ராஸுக்கு ஆடி இந்தியாவுக்கும் ஆடினாங்க. 1954-55-ல் இந்தூர் போய் ஹோல்கர் அணியை 46 ரன்னில் ஜெயிச்சு மெட்ராஸ் முதல்முறையா ரஞ்சி கோப்பை தூக்கினப்போ, கேப்டன் பாலு அழகண்ணன்; அந்த ஃபைனலில் பேட், பந்து ரெண்டுலயும் தாங்கிப் பிடிச்சவர் கிரிபால் சிங். அதனால ராஞ்சியில் பிறந்தவரை 'தல'ன்னு கூப்பிடறதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. இந்த ஊர் அப்படித்தான், வந்தவங்களை வச்சுக்கும்.

அதுக்கும் முன்னாடி போனா, 'நம்ம டீம்' என்ற வார்த்தைக்கு இங்க வேற கனம் இருந்தது. 1846-ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரங்க கிளப். சேப்பாக்கம் மைதானம் அவங்க கையில. பெவிலியன் பக்கம் இந்தியர்களுக்கு இடம் கிடையாது. அந்த அவமானத்துக்குப் பதிலாத்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இன்னைக்கும் அவர் பேர்ல டோர்னமென்ட் நடக்குது. அப்புறம் வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் 'பிரசிடென்சி மேட்ச்'. ஒரு பக்கம் ஐரோப்பியர், இன்னொரு பக்கம் இந்தியர். சுதந்திரம் வாங்கின பிறகும் நடந்து, 1952-லதான் நின்னது. நம்மாளு பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிச்சா அது வெறும் சிக்ஸர் இல்ல. பெவிலியனுக்குள்ள விடாதவனைப் பார்த்து அடிச்ச சிக்ஸர். அந்தக் கூட்டத்துக்கு எந்தப் பக்கம் கை தட்டணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

சரி, அந்த டீமுக்கு ஆட ஆள் எங்கேருந்து வந்தாங்க? நிறைய பேர் காலேஜ்லேருந்து. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுயநலமான பெருமை உண்டு, ஏன்னா பாதிக் கதை இன்ஜினியரிங் காலேஜ் கதை. 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவோட கேப்டன் வெங்கட்ராகவன், கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1983 ஃபைனலில் ரெண்டு டீமையும் சேர்த்து அதிக ஸ்கோர் அடிச்ச, அந்த 38 அடிச்ச ஸ்ரீகாந்த், அதே கிண்டி, எலெக்ட்ரிக்கல். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் எஸ்எஸ்என்-ல் பி.டெக் ஐடி. டிரினிடாடில் பிறந்த ராபின் சிங் இங்க படிக்க வந்தவர்தான். காலேஜ் டீம், கிளப் டீம்னு ஆடி, தமிழ்நாடு அணிக்குள்ள போய், இந்தியா வரைக்கும் போயிட்டார். காலேஜ்ல ஆடற பையனைச் சென்னை லீக்ல ஒரு கம்பெனி டீம் எடுத்துக்கும். ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமென்ட்ஸ். சில பேருக்குக் கம்பெனியில் வேலையும் கிடைக்கும். காலையில் ஆபீஸ், மத்தியானம் நெட்ஸ். ஒரு இன்ஜினியரா பார்த்தா ரொம்ப நல்ல பைப்லைன்.

இதுல ஒரு முடிச்சு இருக்கு. அந்த லீக்கை வளர்த்த கம்பெனிகளில் ஒண்ணான இந்தியா சிமென்ட்ஸ்தான் 2008-ல் 9.1 கோடி டாலர் கொடுத்து சென்னை ஐபிஎல் அணியை வாங்கினது. அதனால சிஎஸ்கே வானத்திலேருந்து குதிக்கல. நம்ம லீக் மைதானங்கள்லேருந்து முளைச்சதுதான். ஆரம்பத்தில் அது பார்த்தாலே தெரிஞ்சது. 2010-ல் முதல் கப் வாங்கின ஃபைனலில் முரளி விஜய், பத்ரிநாத், அனிருத்தா ஸ்ரீகாந்த், அஸ்வின்னு நாலு பேர். 2011 ஃபைனல் சேப்பாக்கத்திலேயே நடந்தது. விஜய் 52 பந்தில் 95. அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை டக் அவுட் ஆக்கினார். அந்த ஓவரை நான் எத்தனை தடவை யூடியூபில் பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. அன்னைக்கு ஊர் டீமும் மஞ்சள் டீமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2018 ஃபைனலில் ஜீரோ. 2021 ஃபைனலில் ஜீரோ. 2023 ஏற்கனவே சொல்லிட்டேன்.

ஏலத்தில் யாரை வாங்கறதுங்கறது நிர்வாகத்தோட கணக்கு, அதைக் குறை சொல்ல இந்த எபிசோடு இல்ல. கோபம் எங்க மேல, ஸ்டாண்ட்ல உட்கார்ந்திருக்கற ஆளுங்க மேல.

எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு. 1999 ஜனவரி 31, பாகிஸ்தான் டெஸ்ட். 271 இலக்கு. டெண்டுல்கர் முதுகுவலியோட 136 அடிச்சும் இந்தியா 12 ரன்னில் தோத்துச்சு. மொத்த மைதானமும் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கை தட்டுச்சு. அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சயீத் அன்வர் இங்க 194 அடிச்சப்பவும் அதே மாதிரி எழுந்து நின்னோம். 'நாங்க விவரம் தெரிஞ்ச ரசிகர்கள்'னு நாம நெஞ்சை நிமிர்த்தறது இந்த சர்டிஃபிகேட்டை வச்சுத்தான். 1999-ல் எனக்கு ரெண்டு வயசு கூட ஆகல, ஆனாலும் நானே அங்க இருந்த மாதிரி பெங்களூர் நண்பர்கள்கிட்ட அளந்திருக்கேன். நிஜமாவே பெரிய விஷயம்தான் அது. ஆனா விருந்தாளிக்கு இலை போடறதில் பேர் வாங்கின வீட்ல, வீட்டுப் பிள்ளை சாப்பிட்டானான்னு யாராவது கேட்டோமா?

2012 ஜனவரி. நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். ரஞ்சி ஃபைனல், சேப்பாக்கத்தில், தமிழ்நாடு, ராஜஸ்தான். மூணாவது நாள் சனிக்கிழமை; சித்தப்பா பைக்கில் கூட்டிட்டுப் போனார். உள்ள போனா, எங்க வேணும்னாலும் உட்காரலாம். ஒரு வரிசைக்கு ஒருத்தர் கூட இல்ல. ஸ்லிப்பில் நிக்கறவங்க பேசிக்கறது காதில் விழுந்தது. ராஜஸ்தானோட வினீத் சக்சேனா வியாழக்கிழமை ஆரம்பிச்ச இன்னிங்ஸை இன்னும் ஆடிட்டிருந்தார். மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல நின்னு 257 அடிச்சார். ராஜஸ்தான் 621. நம்ம 295-க்கு ஆல் அவுட், அதில் தினேஷ் கார்த்திக் மட்டும் 150. முதல் இன்னிங்ஸ் லீடிலேயே கோப்பை போச்சு. எட்டு மாசம் முன்னாடி அதே மைதானத்தில், ஐபிஎல் ஃபைனலுக்கு, ஒரு சீட் காலியா இல்ல. எனக்கு அப்போ அது வித்தியாசமாவே படல. ரஞ்சின்னா காலியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். போரடிக்குதுன்னு டீ பிரேக்கிலேயே கிளம்பிட்டோம்.

தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை ரெண்டாவது தடவை வாங்கினது 1987-88-ல், வாசுதேவன் கேப்டனா இருந்தப்போ, இதே சேப்பாக்கத்தில், ரயில்வேஸை இன்னிங்ஸ் 144 ரன்னில் ஜெயிச்சு. அதுக்கப்புறம் நான் பிறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ஃபைனல், பிறந்த பிறகு நாலு. ஆறிலும் தோல்வி. ஒருநாள் கோப்பை, டி20 கோப்பை எல்லாம் வாங்கியிருக்கோம். 2021-ல் கர்நாடகாவுக்கு எதிரா கடைசிப் பந்தில் ஷாருக் கான் அடிச்ச சிக்ஸ் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் ஓடுச்சு. ரஞ்சி மட்டும் வரல. அங்கிள் 1988 ஃபைனலை நேர்ல பார்த்தவர், காலேஜ் கட் அடிச்சுட்டு. அதைச் சொன்னப்போ அவர் முகத்தில் இருந்தது, ஜடேஜா அடிச்ச ஃபோருக்கு எங்க முகத்தில் இருந்ததேதான்.

கடைசியா ரஞ்சி எனக்கு வலிச்சது 2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் செமி ஃபைனல். தமிழ்நாடு முதல்ல ஆடி 146-ல் சுருண்டாலும், கேப்டன் சாய் கிஷோர் விக்கெட்டா எடுத்து மும்பையை 106-க்கு 7-னு மடக்கி வச்சிருந்தார். அப்புறம் ஷர்துல் தாக்குர் வந்து 109 அடிச்சார். மூணே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. அந்த சீசன்ல சாய் கிஷோர் மொத்தம் 53 விக்கெட். ரஞ்சியிலேயே அதிகம். இப்போ ரெண்டு பேரோட ஐபிஎல் கணக்கையும் பாருங்க. சாய் கிஷோர் ரெண்டு சீசன் சிஎஸ்கே ஸ்குவாடில் இருந்து ஒரு மேட்ச் கூட ஆடாம குஜராத்துக்குப் போனவர். தாக்குர் அந்த வருஷம் ஏலத்தில் திரும்ப நம்மகிட்ட வந்தவர். மூணு வாரத்தில் சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்குச்சு, தாக்குர் பேரைச் சொல்லி அரங்கமே கத்துச்சு. நானும்தான்.

காலேஜில் என்கூட ஒருத்தன் இருந்தான், அவனும் இடதுகை ஸ்பின். மண்டல மேட்சுக்குப் போக ஓடி ஃபார்மைத் தூக்கிட்டு ஹெச்ஓடி ரூம் வாசலில் நிப்பான். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வராதுன்னு பாதி மேட்சுக்கு அனுப்ப மாட்டாங்க. லீக்கில் கீழ் டிவிஷன் ஒண்ணில் ரெண்டு வருஷம் ஆடினான். ஒரு ஃபைனலும் கேம்பஸ் இன்டர்வியூவும் ஒரே நாளில் வந்தது. இன்டர்வியூவுக்குப் போனான். நாங்க யாரும், நான் உட்பட, அவன் ஆடின ஒரு மேட்சைக் கூட நேர்ல போய்ப் பார்த்ததில்ல. அன்னைக்கு ஃபைனல் என்னாச்சுன்னு கூடக் கேட்கல. ஆஃபர் லெட்டர் வந்துச்சான்னுதான் கேட்டோம்.

இப்போ சோழிங்கநல்லூர்ல ஒரே டெக் பார்க்கில் ரெண்டு பேரும் வேலை பார்க்கறோம். 106-க்கு 7 ஆனப்போ முதல்ல மெசேஜ் அனுப்பினது அவன்தான். "சாய் கிஷோர்." அவ்வளவுதான். நான் ஒரு தீ எமோஜி போட்டேன். இந்த எபிசோடு ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அவனுக்கு போன் பண்ணி, அடுத்த சீசன் சேப்பாக்கத்தில் ரஞ்சி நடந்தா நாலு நாளும் போகலாமான்னு கேட்டேன். நாலு நாள் லீவ் கிடைக்காதுடா, ரெண்டு நாள் பார்க்கலாம்னான். டீ பிரேக்கில் கிளம்ப மாட்டேன்னு நான் சொல்லியிருக்கேன்.