விளக்கு, குருவி, கரிக்குழல்: நச்சுவாயுவை மோப்பம் பிடித்த கதை

வீட்டில் காஸ் கசிந்தால், "ஏதோ நாத்தம் வருதே, சிலிண்டரைப் பாரு" என்று யாராவது குரல் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த நாற்றம் காஸுக்குச் சொந்தமானது அல்ல. சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை அநேகமாகக் கிடையாது. மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைத் துளியூண்டு கலந்துதான் அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்தது. சுமார் 300 பேர் மாண்டனர், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே வாயுவில் நாற்றம் சேர்ப்பதை அங்கே சட்டமாக்கினார்கள்.

ஓர் உயிரைப் பலிகொடுக்காமல் ஆபத்தை முன்கூட்டியே அறிவது எப்படி? வாயுவை அறியும் கருவிகளின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு மனிதன் தேடிய விடைதான்.

சுரங்கத்தில் விளக்கும் குருவியும்

வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் 1812 மே 25 அன்று வெடித்து 92 பேர் இறந்தனர். சுரங்கத்தில் சேரும் மீத்தேன் வாயுவும் தொழிலாளியின் விளக்குச் சுடரும் சந்தித்தால் இதுதான் கதி. 1815ல் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பி வலை போட்டார். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது. இன்னொரு நன்மையும் கிடைத்தது. மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீல நிறத் தொப்பி ஒன்று தெரியும். வெளிச்சம் காட்ட வந்த விளக்கே வாயுமானியும் ஆயிற்று.

ஆனால் கார்பன் மோனாக்சைடு சுடருக்கும் பிடிபடாது, மூக்குக்கும் எட்டாது. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்றார். கேனரிக் குருவி வேகமாக மூச்சு விடும். ஆகவே மனிதனுக்கு முன்னால் மயங்கி விழும். அதுதான் அதன் தகுதி! பிரிட்டனில் 1986ல்தான் மின்னணுக் கருவிகளை வைத்துவிட்டுக் குருவிகளுக்கு ஓய்வு கொடுக்க முடிவு செய்தார்கள்.

அடுத்த பெரிய அடியை ஜப்பான் எடுத்து வைத்தது. நவோயோஷி தகுச்சி என்பவர், வெள்ளீய ஆக்சைடைச் சூடாக்கினால் எரிவாயு பட்டதும் அதன் மின்தடை மாறுகிறது என்ற அடிப்படையில் 1962ல் ஓர் உணர்வான் செய்தார். வீட்டுச் சமையலறையில் மாட்டும் எச்சரிக்கை மணிகள் பலவும் அந்த வம்சம்தான். சும்மா சொல்லக்கூடாது, மலிவு, உழைப்பாளி. ஒரே குறை, பல நூறு டிகிரி சூட்டில் இருந்தால்தான் வேலை செய்யும். அதற்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும்.

கரிக்குழல் வந்தது

1991ல் சுமியோ ஐஜிமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, மின்னணு நுண்ணோக்கியில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டு அறிவித்தார். 1952லேயே இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் இத்தகைய குழாய்களின் படங்களை வெளியிட்டிருந்தார்கள். ருஷ்ய மொழியில் வந்ததால் வெளியுலகம் கவனிக்கவில்லை. கரி அணுக்களாலான ஒரு தாளைப் பாய்போல் சுருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இதில் விசேஷம் என்னவென்றால், ஒற்றைச் சுவர்க் குழாயில் உள்ள அணுக்கள் எல்லாமே மேற்பரப்பு அணுக்கள். உள்ளே ஒளிந்திருக்கும் அணு என்று எதுவும் இல்லை. வாயு மூலக்கூறு எங்கே ஒட்டினாலும் குழாய்க்கு உறைக்கும். 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜி டாய் குழுவினர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு குழாயிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், உடனே மின்கடத்தல் ஏறும். அம்மோனியா எலெக்ட்ரானைக் கொடுக்கும், கடத்தல் இறங்கும். பத்து லட்சத்தில் 200 பங்கு நைட்ரஜன் டை ஆக்சைடுக்கே, சில விநாடிகளில், ஆயிரம் மடங்கு மாற்றம். அதுவும் அறை வெப்பநிலையில்!

2003ல் அமெரிக்காவின் ரென்சலர் கல்லூரியில் வேறொரு வழி பிறந்தது. கேரளத்தில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த புலிக்கல் அஜயன் அந்தக் குழுவில் ஒருவர். குழாயின் கூர்மையான முனையில் மின்புலம் குவிவதால், குறைந்த மின்னழுத்தத்திலேயே வாயு அயனியாகும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று ஒரு மின்னழுத்தத்தில் உடையும். அதுவே அதன் கைரேகை.

குறைகளையும் சொல்லவேண்டும். ஸ்டான்ஃபோர்டு சோதனையில், ஒட்டிய வாயு தானாக விலக ஏறக்குறைய அரை நாள் ஆயிற்று. சூடாக்கினால் ஒரு மணி நேரம். ஈரப்பதமும் வேறு வாயுக்களும் குழாயைக் குழப்பும். உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் உலோகத்தன்மையோடு பிறந்து இந்த வேலைக்கு உதவாமல் போகும். பாலிமர் பூச்சு, உலோகத் துகள் பூச்சு என்று ஆய்வாளர்கள் இவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் இருந்துகொண்டு போபாலைப் பேசாமல் இந்தச் சரித்திரத்தை முடிக்க முடியாது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு மெதில் ஐசோசயனேட் கசிந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது கருவி அல்ல, தொழிலாளிகளின் கண் எரிச்சல். அந்த ஆலையில் கசிவு என்றால் கண் கரிக்கும் என்பதே வழக்கமான அடையாளமாக இருந்தது. ஊருக்கான சங்கோ, சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி மடிந்தார்கள்.

போபால் பழைய கதை என்று நினைக்கவேண்டாம். பாதாளச் சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல் நாறும். அதிகமானால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு" என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரமே உயிர் போகும் நேரம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை.

இந்த வாயுவைக் கண்டுபிடிக்க நானோ குழாய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கும் மின்வேதிக் கருவிகள் இப்போதே கடையில் கிடைக்கின்றன. கரிக்குழல் கருவி இன்னும் சிறியதாக, மலிவாக வரக்கூடும், வரட்டும். ஆனால் அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை விஞ்ஞானி தீர்மானிப்பதில்லை. நம்மில் பலர் இந்தப் பெருநகரங்களில் ஹவுசிங் சொசைட்டி கமிட்டிகளில் இருக்கிறோம். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஆள் கூப்பிடுவது நாம்தான். இயந்திரம் வரட்டும், ஆள் உள்ளே இறங்கவேண்டாம் என்று சொல்வதும் நம் வாயில்தான் இருக்கிறது. பிரிட்டன் குருவிக்கு ஓய்வு கொடுத்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. இங்கே அந்தக் குருவியின் வேலையை மனிதன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.